ரவிரோ ஜீரியின் பதினான்கு மாடுகள் பிழைத்தது குறித்து

சிசெங்கு காவல் நிலையம். 1980 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. பதிவு செய்தவர்: சார்ஜென்ட் முனெட்சி.

பெயர்: எலியாஸ் தருவிங்கா. வயது: 51. ஊர்: சிதோரா கிராமம். தொழில்: கால்நடைத் துறையில் மாட்டு மருந்துத் தொட்டிப் பொறுப்பாளர்.

நான் மேற்கண்ட ஊரில் என் மனைவி எஸ்தருடன் குடியிருந்து வருகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். இறந்துபோன ரவிரோ ஜீரி என்பவரைத் தெரியுமா என்று கேட்டதற்குச் சொல்கிறேன். தெரியும். அவருக்கு ஷுவாய் என்று ஒரே மகள். எங்கள் வழக்கப்படி பிள்ளையின் பெயரைச் சேர்த்து, ஷுவாயின் அம்மா என்ற பொருளில் அவரை மாய் ஷுவாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவருடைய கணவர் 1966இல் காலமானார். கணவரின் தம்பி பனுவேல் ஜீரியும் அதே ஊரில்தான் இருக்கிறார்.

நான் 1958 முதல் பத்தொன்பது வருடம் சிதோரா தொட்டியில் வேலை பார்த்தேன். வியாழக்கிழமைதோறும் ஊர் மாடுகள் எல்லாம் உண்ணி மருந்து கலந்த தொட்டியில் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி நீந்திக் கரையேற வேண்டும். மருந்தை அளந்து கலக்குவதும், மாடுகளை எண்ணிப் பதிவேட்டில் ஏற்றுவதும், வராத மாட்டின் சொந்தக்காரர் பெயரை எழுதி மேலே அனுப்புவதும் என் வேலை. மருந்தின் அளவில் நான் ஒரு நாளும் குறை வைத்ததில்லை. என் தொட்டியில் இறங்கும் மாட்டின் காதுக்குள் விரலை விட்டால் ஒரு உண்ணி கிடைக்காது. 1974இல் மாவட்டத்திலேயே சிறந்த தொட்டி என்று எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

மாய் ஷுவாய் பெரிய மாடுகளை ஒழுங்காகக் கொண்டு வருவார். கன்றுகளைக் கொண்டு வர மாட்டார். 1967இல் அவருடைய கன்று ஒன்று தொட்டியில் மருந்தைக் குடித்துவிட்டுக் கரையேறியதும் அவர் கண் முன்னாலேயே விழுந்து செத்தது. அதன் பிறகு பிறந்த கன்றுகளை எட்டு ஒன்பது மாதம் ஆகும்வரை ஓடைப் பள்ளத்தில் மறைத்து வைத்து வளர்ப்பார். 1971இல் நான் தேடிப் போய் மூன்று கன்றுகளைக் கண்டுபிடித்தேன். காதிலும் வாலடியிலும் ஆமணக்கு விதை போல உண்ணிகள் தொங்கின. நான் எழுதி அனுப்பினேன். நீதிமன்றத்தில் சாட்சியும் சொன்னேன். அவரைப் பதினான்கு நாள் சிறையில் வைத்தார்கள். திரும்பி வந்த அன்று என் வாசலில் நின்று சொன்னார்:

"பெரிய மாட்டை ஒரு வாரமாவது கொண்டு வராம இருந்திருக்கேனா, தொட்டிக்காரரே? குட்டியை மட்டும் விட்டுடுங்க. அதுக்கு வாயை மூடிக்கிட்டு நீந்தத் தெரியாது."

 அதன் பிறகு நான் ஓடைப் பக்கம் தேடப் போகவில்லை. பதிவேட்டில் அவருக்குக் கன்று இல்லை என்று எழுதி வந்தேன். அது பொய் என்று எனக்குத் தெரியும்.

1975இல் எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி வகுப்பு நடந்தது. அதில் கால்நடை மருத்துவர் ஒருவர் வந்து, உண்ணி கடிக்கும்போது அதன் எச்சிலோடு கண்ணுக்குத் தெரியாத சிறு உயிர்கள் மாட்டின் ரத்தத்தில் ஏறுகின்றன, அவைதான் சிவப்பு மூத்திர நோயையும் பித்த நோயையும் கொண்டு வருகின்றன என்று சொன்னார். அதன் பிறகு அவர் சொன்னதை என் நோட்டில் எழுதி வைத்தேன், அதனால் நினைவிருக்கிறது. பிறந்து ஒன்பது மாதம்வரை கன்றுக்கு அந்த நோயைத் தாங்கும் பலம் உடம்போடு வருகிறது. அந்த வயதுக்குள் உண்ணி கடித்தால் கன்று இரண்டு மூன்று நாள் சூட்டில் கிடந்து எழுந்துவிடும். நோய்க் கிருமி கொஞ்சம் அதன் ரத்தத்திலேயே தங்கிவிடும். தங்கியிருப்பதால் உடம்பு அதை மறக்காது, அந்த மாட்டை அந்த நோய் பிறகு கொல்லாது. கன்றிலே உண்ணி படாமல் வளர்ந்த பெரிய மாட்டுக்கு முதல் கடியே எமன்.

நான் எழுந்து, அப்படியானால் கன்றுகளை ஏன் தொட்டியில் இறக்குகிறோம் என்று கேட்டேன். அவர், "சட்டம் இறக்கச் சொல்கிறது. தொட்டி நிற்காதவரை பயமில்லை" என்றார். வகுப்பு முடிந்து ஊர் திரும்பினேன். அடுத்த வியாழக்கிழமையும் கன்றுகளை இறக்கினேன்.

1977 அக்டோபர் 13ஆம் தேதி வியாழக்கிழமை, காலை பதினொரு மணி சுமாருக்கு, முக்கால்வாசி மாடுகள் இறங்கி முடிந்த நேரத்தில், வெள்ளைக்காரர் ஆட்சியை எதிர்த்துக் காட்டிலிருந்து சண்டை போட்ட போராளிகள் மூன்று பேர் துப்பாக்கியோடு வந்தார்கள். அவர்களில் தலைவராக இருந்தவர் தொட்டிச் சுவர் மேல் ஏறி நின்று, இது வெள்ளைக்காரன் வரி வாங்கக் கட்டின குழி, இனிமேல் இதில் ஒரு மாடும் இறங்காது என்றார். ஊர்க்காரர்களுக்குச் சந்தோஷம். பெண்கள் குலவையிட்டார்கள். நான் தலைவரிடம் போய் மெதுவாகச் சொன்னேன்:

"திடீர்னு நிறுத்தினா மாடு சாகும், காம்ரேட்."

அவர் சிரித்தார். "மாடு சாகாது பெரியவரே. உங்க உத்தியோகம்தான் சாகும். அதுதானே வயித்தெரிச்சல்?"

எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு தொட்டியைக் கல்லால் மூடச் சொன்னார்கள். முதல் கல்லை என்னைப் போடச் சொன்னார்கள். போட்டேன். சாயங்காலத்துக்குள் தொட்டி நிறைந்துவிட்டது. அன்றைய பதிவேட்டில் இருந்த மாடுகள் நானூற்றுப் பன்னிரண்டு.

நவம்பரில் மழை வந்தது. டிசம்பரில் மாடுகளின் காதில் உண்ணி தெரிந்தது. 1978 ஜனவரி முதல் வாரத்தில் என்னுடைய வண்டிமாடு ஒன்று தீனி எடுக்காமல் நின்றது. மூத்திரம் பால் விடாத தேநீர் நிறத்தில் போயிற்று. ஈறு வெளுத்தது. நான்காம் நாள் செத்தது. அந்த மாதம் ஊரில் எல்லா வீட்டிலும் இறைச்சி இருந்தது. பிப்ரவரியில் இறைச்சி வேண்டுமா என்று கேட்டால் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். என்னிடம் ஒன்பது மாடுகள் இருந்தன. மார்ச் மாதத்துக்குள் ஒன்பதும் போயின. பனுவேல் ஜீரிக்குப் பதினோரு மாடுகள். ஏப்ரலில் கடைசி மாடு கிடந்தபோது அவர் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வெயிலில், அது சாகும்வரை உட்கார்ந்திருந்தார். நான் பார்த்தேன். அவரைப் பற்றி மற்றதைச் சொல்லும்போது இதையும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

மருந்து இல்லையா என்று கேட்டதற்கு, இல்லை. சாலையில் கண்ணிவெடி இருந்ததால் கால்நடைத் துறை வண்டி வருவதே இல்லை. என்னிடம் இருந்தது பதிவேடும் பென்சிலும்தான். செத்த மாட்டின் எதிரே ஒரு கோடு போட்டு வந்தேன். யாரும் கேட்காமலே போட்டு வந்தேன்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு தொட்டி உண்டு. அதன் பொறுப்பாளர் குடிகாரர். மருந்தை விற்றுவிட்டு வெறும் தண்ணீரில் மாட்டை இறக்குகிறார் என்று அவர் மேல் எப்போதும் புகார் உண்டு. அந்தத் தொட்டியையும் அதே மாதம் மூடினார்கள். அந்தப் பக்கம் பாதிக்கு மேல் மாடுகள் பிழைத்தன.

அதே 1978 செப்டம்பர் மாதம் நான் எண்ணியபோது சிதோராவில் நாற்பத்தொன்பது உருப்படிகள் இருந்தன. அவற்றில் முப்பத்தைந்து, தொட்டி மூடிய பிறகு பிறந்து உண்ணிக்கடியோடு வளர்ந்த கன்றுகள். பெரிய மாடுகள் பதினான்கு. பதினான்கும் மாய் ஷுவாயுடையவை. எல்லாம் ஒரு காலத்தில் ஓடைப் பள்ளத்தில் மறைந்து வளர்ந்தவை. அவருக்கு ஒரு மாடும் சாகவில்லை.

பனுவேலும் வேறு இரண்டு பேரும் மலைக்கு அந்தப் பக்கம் குறி சொல்கிறவரிடம் போய் வந்தார்கள். சாகாத மாடு யாருடையதோ அவரைக் கேளுங்கள் என்று அவர் சொன்னதாகச் சொன்னார்கள். அக்டோபர் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஊர்த்தலைவர் மஷாவாவின் வாசலில் கூட்டம் கூடியது. சுமார் அறுபது பேர் இருந்தார்கள். மாய் ஷுவாயை நடுவில் உட்கார வைத்தார்கள்.

பனுவேல்தான் முதலில் பேசினார். "மதினி, என் அண்ணன் இருந்த வீட்டுலதான் இருக்கீங்க. நாங்க எல்லாரும் வெறுங்கையோட நிக்கோம். உங்க பட்டியில மட்டும் மணிச் சத்தம் கேக்குது. எப்படின்னு சொல்லுங்க. நாங்களும் தெரிஞ்சுக்கிடுதோம்."

மாய் ஷுவாய் சொன்னார்: "எனக்கு என்ன தெரியும், கொழுந்தனாரே? உங்க மாடு மேஞ்ச புல்லுதான் என் மாடும் மேஞ்சுது. உங்க மாடு குடிச்ச தண்ணிதான் அதுவும் குடிச்சுது."

பின்னால் இருந்து ஒரு பெண், "புல்லும் தண்ணியும் ஒண்ணுதான். ராத்திரி வேலைதான் வேற" என்றாள். சிலர் சிரித்தார்கள். சூனியம் என்ற சொல்லை அதுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தச் சிரிப்புக்குப் பிறகு சொன்னார்கள்.

அப்போது நான் எழுந்தேன். எங்கள் வழக்கப்படி கையைத் தட்டி மரியாதை செய்துவிட்டு, இதில் சூனியம் இல்லை, எனக்குக் காரணம் தெரியும் என்றேன். 

"அந்த மாடெல்லாம் கன்னுக்குட்டியா இருக்கும்போதே உண்ணி கடிச்ச மாடு. சின்ன வயசுல நோய் வந்து, தாங்கி, எழுந்துடுச்சு. அதனால இப்ப வந்தா சாகலை. நம்ம மாட்டுக்கு அந்தப் பழக்கமே இல்லை. அதான் தாங்கலை" என்று சொன்னேன்.

ஊர்த்தலைவர் கேட்டார்: "அப்ப உண்ணி நல்லதா? உண்ணியே படக் கூடாதுன்னுதானேய்யா பத்தொன்பது வருஷம் எங்களை வியாழக்கிழமை வியாழக்கிழமை விரட்டுன?"

"கன்னுக்கு மட்டும் கொஞ்சம் பட்டிருக்கணும், தலைவரே."

"இது எப்ப உனக்குத் தெரியும்?"

நான் மூன்று வருடமாகத் தெரியும் என்று சொல்லவில்லை. 

பனுவேல் என் முன்னால் வந்து நின்றார். அவர் சத்தம் போடவில்லை. "தொட்டிக்காரரே, எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. இவங்க உங்களை ஏமாத்திட்டு ஒளிச்சு வச்ச மாடு பிழைச்சுது. உங்க பேச்சைக் கேட்டு வாராவாரம் ஓட்டிட்டு வந்த எங்க மாடு செத்துது. அப்படின்னா எங்க மாட்டைக் கொன்னது நீங்களா?"

அறுபது பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் மாய் ஷுவாயை விட்டிருப்பார்களா என்று சார்ஜென்ட் கேட்டார். எனக்குத் தெரியாது. விட்டிருக்கலாம். நான் "அப்படிச் சொல்லலை" என்றேன்.

"பின்ன எப்படிச் சொல்றீங்க?"

"மருத்துவர் ஒருத்தர் சொன்னார். எனக்கு முழுசாத் தெரியாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மாய் ஷுவாய் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் இன்னும் ஏதோ சொல்லப் போகிறேன் என்று காத்திருப்பது போலப் பார்த்தார். நான் சொல்லவில்லை. அதன் பிறகு அவர் திரும்பிக்கொண்டார்.

அதன் பிறகு ஊர்த்தலைவர் தீர்ப்புச் சொன்னார். மாய் ஷுவாய் பிறந்த ஊருக்குப் போய்விட வேண்டும், மாடுகள் ஜீரி குடும்பத்து மாடுகள் என்பதால் இங்கேயே இருக்கும், அவர் போகிறவரைக்கும் ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது, அவரிடம் யாரும் பேசக் கூடாது என்றார்.

மாய் ஷுவாய் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு பனுவேலிடம் சொன்னார்: "மாட்டை விட்டுட்டுப் போன்னு நேராவே கேட்டிருக்கலாமே, கொழுந்தனாரே. இதுக்கா இத்தனை பேரை வெயில்ல உக்கார வச்சீங்க?"

அவர் போகவில்லை. பிறந்த ஊரில் யாரும் உயிரோடு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். மகள் ஷுவாய் புலவாயோ நகரத்தில் தையல் ஆலையில் வேலை பார்த்தாள். பேருந்து ஓடாததால் அவளுக்குத் தகவல் அனுப்ப வழியில்லை.

அக்டோபர் மாதம் எங்கள் ஓடையில் தண்ணீர் இருக்காது. மணலைத் தோண்டினால் ஊறும். அக்டோபர் 3ஆம் தேதி செவ்வாய்க்கிழமை நான் தொட்டிப் பக்கம் போனபோது, அவர் ஓடை மணலில் ஒரு ஊற்றுக்குழி தோண்டியிருந்ததைப் பார்த்தேன். அது பழைய கழிவுக்குழிக்கு நேர் கீழே இருந்தது. 1960வரை தொட்டியில் கலந்த மருந்து பாஷாணம். வருடா வருடம் தொட்டியின் அடிச்சேற்றை அள்ளி அந்தக் குழியில்தான் கொட்டினோம். 1963இல் அந்த மண்ணை நக்கிய பசு ஒன்று தண்ணீராகக் கழிந்து, கால் இழுத்துக்கொண்டு செத்தது. நான் அவர் வீட்டுக்குப் போனேன். பேசக் கூடாது என்ற கட்டளை இருந்ததால் வேலிக்கு வெளியே நின்றேன்.

"அந்தத் தண்ணியைக் குடிக்காதீங்க, மாய் ஷுவாய். அது பாஷாணம் இறங்கின மண்ணு. காய்ச்சினாலும் போகாது."

"மேலே தோண்டினேன், பாறை. கீழே தோண்டினா ஊர்க்காரங்க பாக்காங்க. வேற எங்க போகட்டும்? நீங்களே சொல்லுங்க."

"நான் கொண்டு வரேன்" என்றேன்.

மறுநாள் முதல் தினமும் காலை ஒரு வாளி தண்ணீரைத் தொட்டிக் கொட்டகைக்குள் வைத்துவிட்டு வருவேன். அவர் வந்து எடுத்துக்கொண்டு காலி வாளியை வைத்துவிட்டுப் போவார். புதன், வியாழன், வெள்ளி, சனி, நான்கு நாள் இப்படி நடந்தது. வியாழக்கிழமை வாளிக்குள் வேர்க்கடலை ஒரு பிடி போட்டு வைத்திருந்தார்.

8ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை என் மனைவி எஸ்தர் வெறும் குடத்தோடு கிணற்றிலிருந்து திரும்பி வந்தாள். பனுவேலின் ஆட்கள் இரண்டு பேர் அங்கே உட்கார்ந்திருந்து, வீட்டில் இரண்டே பேர், எதற்கு மூன்று குடம் என்று கேட்டார்களாம். எஸ்தர் என்னிடம் சொன்னாள்:

"போதும். அன்னைக்கு எல்லார் முன்னாலயும் எழுந்து நின்னீங்களே, அப்ப முடிச்சிருக்கணும். இப்ப வாளி தூக்கி என்ன ஆகப் போகுது? நம்ம கூரையும் புல்லுக் கூரைதான். ஒரு தீக்குச்சி போதும்."

ஞாயிறு, திங்கள், செவ்வாய் நான் தண்ணீர் கொண்டு போகவில்லை. அந்த மூன்று நாளும் அவர் எங்கே தண்ணீர் எடுத்தார் என்று கேட்டதற்கு, அந்த ஊற்றுக்குழியில்தான் எடுத்திருப்பார் என்பது எனக்குத் தெரியும். அப்போதும் தெரியும்.

11ஆம் தேதி புதன்கிழமை காலை என்னால் இருக்க முடியவில்லை. ஒரு வாளி தண்ணீரோடு நேராக அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் சுருண்டு கிடந்தார். வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தார். கழிச்சல் அரிசி கழுவின தண்ணீர் போல இருந்தது. கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. பாஷாண மண்ணை நக்கிய அந்தப் பசுவிடம் நான் பார்த்ததேதான். பக்கத்து மருத்துவமனை ஒரு வருடமாக மூடிக் கிடந்தது. மிஷன் ஆஸ்பத்திரி இருபத்தாறு கிலோமீட்டர். என்னிடம் வண்டி இருந்தது, மாடு இல்லை. ஊரிலேயே இழுக்கிற மாடு அவருடையதுதான் இருந்தது.

வண்டியைக் கொண்டு வந்து அவரைப் படுக்க வைத்துவிட்டு, ஜெர்மான், சோல்ஜர் என்ற அவருடைய இரண்டு எருதுகளைப் பூட்டினேன். அவை எனக்கு நகரவில்லை. சாட்டையால் அடித்தேன். அப்போதும் நின்றன. அவர் வண்டிக்குள் கிடந்தபடியே, "ஏய் ஜெர்மான், போ சாமி" என்றார். சத்தம் சரியாகக்கூட வரவில்லை. இரண்டும் நடந்தன.

ஊர் எல்லையில் பனுவேல் வழியில் நின்று நுகத்தடியைப் பிடித்துக்கொண்டார். "மாட்டை எங்க ஓட்டிட்டுப் போறீங்க?" என்றார். நான், உன் அண்ணன் பெண்டாட்டி சாகக் கிடக்கிறாள், வண்டிக்குள் பார் என்றேன். அவர் பார்த்தார். கொஞ்ச நேரம் நுகத்தடியை விடாமலே நின்றார். அதன் பிறகு, "மாடு திரும்பி வரணும்" என்று சொல்லிக் கையை எடுத்தார். 

மதியம் தாண்டி முதல் ஆற்றுத்துறையில் வண்டியை நிறுத்தினேன். அவருக்குத் தாகம் தாங்கவில்லை. வாளித் தண்ணீரைக் குவளையில் மொண்டு கொடுத்தேன். குவளையை வாயருகே வைத்தும் அவர் குடிக்கவில்லை.

"எந்தத் தண்ணி?" என்றார்.

"எங்க வீட்டுத் தண்ணி. கிணத்துல எடுத்தது" என்றேன்.

அதன் பிறகு குடித்தார். இரண்டு குவளை குடித்தார். அவை வயிற்றில் நிற்கவில்லை. சுமார் மூன்று மணிக்கு அவர் இறந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு இன்னும் பதினைந்து கிலோமீட்டர் இருந்தது. நான் வண்டியைத் திருப்பினேன். திரும்பும் வழியில் எருதுகளை ஓட்ட வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் பனுவேலே முன்னின்று முறைப்படி அடக்கம் செய்தார். மண் தள்ள நானும் போனேன். இந்தக் காவல் நிலையத்தில் அப்போது ராணுவம் இருந்ததால் யாரும் புகார் கொடுக்கவில்லை.

மாடுகள் என்ன ஆயின என்று கேட்டதற்குச் சொல்கிறேன். பதினான்கையும் பனுவேல் ஓட்டிக்கொண்டு போனார். நவம்பரில் மழை வந்தது. உழுவதற்கு ஊரில் வேறு மாடு இல்லை. பனுவேல் அவற்றை எல்லா வீட்டுக்கும் முறைவைத்துக் கொடுத்தார். கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அந்த மாடுகளைக் கொண்டுதான் உழுதார்கள். அந்த வருடம் சிதோராவில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. எனக்கும் முறை வந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு நாள் உழுதேன். அந்தச் சோளத்தைத்தான் நானும் எஸ்தரும் சாப்பிட்டோம்.

போர் நின்ற பிறகு, இந்த வருடம் மே மாதம், ஷுவாய் ஊருக்கு வந்தாள். என் வீட்டுக்கு வந்து, அம்மா எப்படிச் செத்தாள் என்று கேட்டாள். மேலே சொன்னது எல்லாவற்றையும், கன்றுகளுக்கு உண்ணி பட்டால் என்ன ஆகும் என்பது உட்பட, அவளிடம் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"எவ்வளவு தெளிவா சொல்றீங்க மாமா. எனக்கே புரியுது. இதை அன்னைக்குச் சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"சொன்னேன்மா. பாதி சொன்னேன்" என்றேன்.

அவள் அதற்குப் பிறகு என் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனாள். அவள் கொடுத்த புகாரின் பேரில்தான் இப்போது என்னை அழைத்திருக்கிறீர்கள்.

யாராவது அவருக்கு விஷம் கொடுத்தார்களா என்று கேட்டதற்கு, யாரும் கொடுக்கவில்லை. கிணற்றை மறித்தார்கள். மறித்தவர்கள் பனுவேல் ஜீரி, ஊர்த்தலைவர் மஷாவா, கிணற்றில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர். அந்த வரிசையில் என் பெயரையும் எழுதச் சொன்னேன். சாட்சி சொல்கிறவர் பெயரை அதில் எழுத முடியாது என்று சார்ஜென்ட் சொன்னார்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டதற்குச் சொல்கிறேன். புதிய அரசாங்கம் தொட்டிகளை மறுபடி திறக்கிறது. சிதோரா தொட்டியிலிருந்து கற்களை எடுத்துவிட்டார்கள். என்னைப் பழைய வேலையிலேயே வைத்திருக்கிறார்கள். வரும் 23ஆம் தேதி வியாழக்கிழமை முதல் நாள். வந்திருக்கும் சுற்றறிக்கையில், கன்றுகள் உட்பட எல்லா மாடுகளும் வாரம் ஒரு முறை இறங்க வேண்டும் என்று இருக்கிறது. ஒன்பது மாதத்துக்குக் கீழே உள்ள கன்றுகளை விட்டுவிடும்படி துறைக்கு இரண்டு முறை எழுதினேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவது கடிதத்துக்கு அதே சுற்றறிக்கையை இன்னொரு பிரதி அனுப்பினார்கள். மாய் ஷுவாயின் பசுக்களுக்குப் பிறந்த கன்றுகள் இப்போது ஐந்து இருக்கின்றன. 23ஆம் தேதி அவற்றையும் கொண்டு வருவார்கள். நான் இறக்குவேன்.

என்னை யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இதைச் சொல்ல வைக்கவில்லை. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நானும் ஒரு முறை படித்துப் பார்த்தேன். ஒரு தேதியைத் திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். நான் பார்த்ததும் செய்ததும் செய்யாமல் விட்டதும் இவ்வளவுதான், இதில் உண்மைக்கு மாறாக எதுவும் இல்லை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) எலியாஸ் தருவிங்கா

என் முன்னிலையில்: சார்ஜென்ட் முனெட்சி